மெழுகு காயும் அரைமணி

பேனா இருக்கா தம்பி? சட்டைப் பையில் தெரிகிறதே, அதைத்தான் கேட்கிறேன். எழுதுமா? சில பேர் சும்மா மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு வேண்டாம். நீங்கதான் எழுதணும். எனக்குக் கை நடுங்கும். காகிதம் இந்தாங்க. இரண்டே வரி. செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போதே முடித்துவிடலாம். மலை ஏற ஆரம்பித்தால் எழுத்து கோணிக்கொள்ளும்.

எழுதுங்க. 'வெள்ளைச்சாமி ஆகிய நான் எழுதிக் கொடுப்பது.'

நான் வெள்ளைச்சாமி இல்லை. என் பேர் மரியசூசை. வெள்ளைச்சாமி மேலே எஸ்டேட்டில் இருக்கிறான். அவனிடம்தான் போகிறேன். நாம் எழுதிக்கொண்டு போனால் அவன் கையெழுத்துப் போடுவான். போடாமல் எங்கே போவான்?

அடுத்த வரி. 'அன்று மரியசூசைக்கு...' எழுதியாச்சா? 'காதில் விழவில்லை. விசாரணையில் நான் சொன்னது தவறு.' அவ்வளவுதான்.

ஏன் நிறுத்திட்டீங்க?

என்ன விசாரணை, எது காதில் விழவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுவீங்களோ. பேங்க்கில் வேலையா? அதானே பார்த்தேன். உங்களிடம் ஒரு படிவம் கொடுத்தாலும் இப்படித்தான் கேள்வி கேட்பீங்க.

கோர்ட்டுக்கு இல்லை. பென்ஷனுக்கும் இல்லை. என் பேத்தியிடம் காட்டுவதற்கு. போதுமா?

போதாது. சரி.

பேத்தி மாசமாக இருக்கிறாள். எட்டு முடியப்போகிறது. தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். அம்மா என்றால் என் மகள் ரெஜினா. நானும் அவளோடுதான், பொள்ளாச்சியில். போன செவ்வாய்க்கிழமை ரெஜினா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். நீ போய் வா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாட்டின செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்றேன். ஒன்றுமில்லை என்றாள். நான் விடவில்லை. விட்டிருக்கலாம்.

"அவளுக்கு வலி வந்து கூப்பிட்டா, உங்களுக்குக் கேக்கும்னு என்னப்பா நிச்சயம்?"

பெற்ற மகள் கேட்கிறாள். பேத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டில் யாரும் பேசாத பேச்சு. எங்கிருந்து வந்தது? வெள்ளைச்சாமி வாயிலிருந்து வந்தது.

வண்டி கிளம்பிவிட்டது பாருங்க. எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

சரி, கேளுங்க. மேலே எங்கள் எஸ்டேட்டில் ஒரு ஆஸ்பத்திரி. ஏழு எஸ்டேட்டுக்கும் அது ஒன்றுதான். வாசலிலிருந்து நேராக ஒரு நடை, தொண்ணூறு அடி. இரண்டு பக்கமும் வார்டு. நடை முடிகிற இடத்தில் பிரசவ ரூம். அந்த நடை முழுக்க லினோலியம். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. கரும்பச்சை.

இப்போது பிளாஸ்டிக்கில் ஒன்று விற்கிறான், அதையும் லினோலியம் என்கிறான். அது இல்லை. இது ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் சேர்த்து, சணல் துணியில் ஏற்றினது. உயிருள்ள சாமான் மாதிரி. தண்ணீர் ஊற்றினால் ஊதும். பினாயில் கூடாது. சோடா உப்பு பட்டால் எண்ணெய் செத்து, அப்புறம் வெடிப்பு. துணியை முறுக்கிப் பிழிந்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி துடைக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் மெழுகு. தேன்மெழுகும் டர்பன்டைனும். வெந்நீர்ச் சட்டிக்குள் டப்பாவை வைத்து உருக்கணும், நேரே அடுப்பில் வைத்தால் ஆஸ்பத்திரியே எரியும். முட்டி போட்டு, துணியால், மெல்லிசாக. தடித்துப் போட்டால் வழுக்கும். யார் வேண்டுமானாலும் தடித்துப் போடலாம். மெல்லிசாகப் போடுவதுதான் வேலை.

போட்டபின் அரைமணி நேரம் காயணும். காய்ந்தபின் பிரஷ். இரும்புக் கட்டைக்கு அடியில் பிரஷ், மேலே நீளக் கம்பு. இருபது கிலோ இருக்கும். அதற்கு நாங்கள் எருமை என்று பேர் வைத்திருந்தோம். நாங்கள் என்ன, வெள்ளைச்சாமி வைத்தான். உன் புருஷனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரியில எருமை மேய்க்கிறாரு என்பாள். சிரிக்கத் தெரிந்த குடும்பம்.

அவன் பிரசவ ரூம் பக்கத்திலிருந்து மெழுகு போட்டுக்கொண்டு வருவான். நான் வாசல் பக்கத்திலிருந்து. நடுவில் சந்திப்போம். பத்தொன்பது வருஷம். அவன் என்னைவிட மூன்று வயசு சின்னவன். சூசையண்ணே என்பான். நான் வெள்ளை என்பேன். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம் என்று சொன்னால் நீங்க நம்பணும்.

அந்த அரைமணிதான் முக்கியம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நடையின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிடுவேன். பெஞ்சு போட்டால் போட்டதுதான். எந்தக் கொம்பனும் கால் வைக்க முடியாது. பெரிய டாக்டரே ஒரு தடவை பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்று பேப்பர் முழுக்கப் படித்தார். அவசரமாக ஒன்றுமில்லை சூசை, நீ பார் என்றார். அது மனுஷன். ஈரத்தில் ஒரு செருப்புப் பட்டால் அந்தத் தடம் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் போகாது. மறுபடி டர்பன்டைன் போட்டு எடுத்து, மறுபடி மெழுகு.

யாருக்கும் பெஞ்சை எடுத்ததே இல்லையா என்றால், ஒரு தடவை எடுத்தேன். மேனேஜர் துரை வீட்டம்மா வந்தது. காலில் சுளுக்கு. அதற்காக எடுத்தேன். அதுவும் எப்படி? உலர்ந்த சாக்கு இரண்டு போட்டேன். அந்தம்மா ஒன்றில் நிற்கும்போது மற்றதைத் தூக்கி முன்னால் போடுவேன். அப்படியே நடையைத் தாண்ட வைத்தேன். ஒரு தடம் விழவில்லை. அந்தம்மா சிரித்துக்கொண்டே, கோயில் பிரகாரத்தைக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க என்றது. வெள்ளைச்சாமியும் கூட இருந்தான். ஒரு சாக்கு அவன்தான் தூக்கிப் போட்டான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, அவன் அதை என்ன செய்தான் என்று சொல்கிறேன்.

குரங்கு நிற்கிறது, ஜன்னலை ஏற்றுங்க. பழம் வைத்திருக்கீங்க.

ஆடி மாசம். அந்த மலையில் ஆடி மழை எப்படி என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பத்து நாளாக வெயில் முகமே பார்க்கவில்லை. திங்கட்கிழமை கம்பெனிப் பெரிய ஆள் ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளைச்சாமி காலையிலேயே முனகினான். அண்ணே, இந்த ஈரக்காத்துல மெழுகு அரைமணியில காயாது, இந்த வாரம் வேண்டாம், துடைச்சு மட்டும் விடுவோம் என்றான். மேட்ரனும் அதையே சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கம்பெனி ஆள் வருகிற அன்றைக்குத் தரை செத்த மாட்டின் கண் மாதிரி இருக்கணுமா? நான் போட்டேன். மெழுகு போட்டேன், பெஞ்சு போட்டேன். அரைமணி ஆனது. விரல் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. இன்னும் அரைமணி என்று விட்டேன். விட்டுப்போன இடத்தில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வந்தார்கள். தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கிற லைன் வீட்டு ஆட்கள். நாலு பேர், ஒரு பொம்பளையைக் கம்பளியில் கட்டிக் கழியில் தூக்கிக்கொண்டு. ஜீப் வரவில்லை, பாதை சரிந்துபோயிருந்தது. மூன்று மைல் நடந்தே வந்திருக்கிறார்கள். பெஞ்சைப் பார்த்தார்கள். ஈரம் என்று தெரிந்தது. அவர்களாகவே சுற்றிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. தகரக் கூரை, மேலே மழை. குனிந்து வேலை செய்கிறவனுக்கு என்ன கேட்கும்?

சுற்றிப் போவது என்றால், வாசலிலிருந்து படி இறங்கி, சலவைக் கொட்டகையைத் தாண்டி, மறுபடி மேடேறி, சமையல்கட்டுப் பக்கம் கதவு. சேற்றில் ஒருத்தன் விழுந்திருக்கிறான். சனிக்கிழமை அந்தக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். தட்டியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் என்றார்கள். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

பிள்ளை செத்துப் பிறந்தது. பொம்பளை பிழைத்துக்கொண்டாள்.

இதில் என் தப்பு என்ன சொல்லுங்க. சின்ன டாக்டரைக் கேட்டார்கள், இருபது நிமிஷம் முன்னாடி வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று. சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்றால் முடியாதுதானே? அதோடு விட்டிருக்க வேண்டும். பெரிய டாக்டர்? தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் சுபாவம் அப்படி.

பொறுங்க, விசாரணைக்கு வருகிறேன். அதற்கு முந்தின சாயங்காலம் கேன்டீனில் நானும் வெள்ளைச்சாமியும் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். வெள்ளை, நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. எருமை ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம். மேலே மழை. இரண்டு பேரும் இதையே சொல்வோம். சரி என்றான்.

வாய்விட்டுச் சொன்னானா என்று கேட்டால்... தலையாட்டினான். டீ குடித்துக்கொண்டிருந்தான், குனிந்து. ஆட்டின மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷம் எதிரெதிராக முட்டி போட்டவனிடம் சத்தியமா வாங்குவார்கள்?

மறுநாள் ஆபீஸ் ரூம். துரை, பெரிய டாக்டர், மேட்ரன். அந்த ஆளையும் வரச் சொல்லியிருந்தார்கள், புருஷன்காரனை. மூலையில் நின்றான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நான் சொன்னேன், ஐயா, பிரஷ் ஓடிக்கொண்டிருந்தது, இருபது கிலோ, அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று. துரை தலையாட்டினார். மேட்ரன்கூடத் தலையாட்டினார்கள். எழுதிக்கொண்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். பேருக்கு வெள்ளைச்சாமி பக்கம் திரும்பி, அப்படித்தானே என்றார் துரை.

அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"மெழுகு ஈரமா இருக்கறப்ப பிரஷ் ஓட்ட மாட்டோங்க. காய்ஞ்ச பெறகுதான் ஓட்டுவோம். அந்த நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்லைங்க."

பாருங்க தம்பி. அந்த ரூமில் அது யாருக்குத் தெரியும்? துரைக்குத் தெரியுமா, டாக்டருக்குத் தெரியுமா? இந்த உலகத்தில் எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் வேலையை வைத்தே என்னை அடித்தான். வேறு யாராலும் முடிந்திருக்காது.

அத்தோடு விட்டானா? துரை, அப்படியானால் கேட்டதா என்றார்.

"எனக்கு அந்தக் கோடியில கேட்டுச்சுங்க. அண்ணனுக்கும் கேட்டுச்சு."

அண்ணன். அப்போதும் அண்ணன் என்கிறான்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டார்கள். நானும் எந்திரிச்சு வந்தேங்க, மெழுகு ஓரத்துக்கு வந்ததும் நின்னுட்டேன், ஈரத்துல கால் வைக்கக் கால் வரலை, எனக்கும் தண்டனை குடுங்க என்றான். உண்மைதான், வந்து நின்றான். எனக்கு முதுகுப் பக்கம். திரும்பிப் பார்த்தேன். நின்றவன் நின்றபடி. அப்புறம்தான் பக்கத்து வார்டு வழியாக ஓடி, சமையல்கட்டுக் கதவைத் திறந்துவிட்டான். அவனாலும் முடியவில்லை அல்லவா? அப்புறம் என்ன பெரிய யோக்கியன்?

கடைசியாகச் சொன்னான், அதுதான் இன்றைக்கும் எனக்கு இங்கே நிற்கிறது.

"துரையம்மா வந்தப்ப சாக்கு போட்டு நடக்க வெச்சோங்க. அந்தச் சாக்கு அன்னைக்கும் பெஞ்சுக்கு அடியிலதான் கெடந்துச்சு."

துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். மேட்ரன் எழுதுவதை நிறுத்தினார்கள். நான் தரையைப் பார்த்தேன். யாரோ மேசையை இழுத்துப் போட்டிருந்தார்கள். காலுக்கு ஒன்றாக நாலு கோடு. தூக்கி வைக்க வேண்டியதை இழுத்திருக்கிறார்கள். அந்த மூலையில் நின்ற ஆள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என்னவோ கேட்டார்கள். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்கு வேறு, ஆள் வேறு. நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைச் சாக்கில் நடக்கவைக்க முடியுமா? அவனுக்குத் தெரியாதா?

முடியாதா என்று கேட்காதீங்க. ஆறு சாக்கு வேண்டும். ஆறு இருந்தது. அது வேறு விஷயம்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. தரையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புல் வெட்டப் போட்டார்கள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆறு வருஷம் ஆஸ்பத்திரிக்கு வெளியே புல் வெட்டினேன். அவனுக்கு ஒரு தண்டனையும் இல்லை. அவனாகவே எழுதிக் கொடுத்துச் சலவைக்குப் போய்விட்டான். தரைக்கு வெளி ஆட்கள் வந்தார்கள். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர், பினாயில், சோப்புத் தூள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சொன்னேன், கேட்கவில்லை. இரண்டாவது வருஷம் ஓரமெல்லாம் ஊதித் தூக்கிக்கொண்டது. மூன்றாவது வருஷம் கடப்பாரையால் பெயர்த்து, அப்பளம் மாதிரி உடைத்து, லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அறுபது வருஷத்துத் தரை. அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கிடக்கும்.

அவன் சலவைக் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் அரிவாளோடு. பேசவில்லை. அதற்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவன் பெண்டாட்டி முறுக்கு கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பினேன். அடுத்த வருஷமும் அனுப்பினாள். அதையும் திருப்பினேன். இன்றைக்கும் வருஷா வருஷம் வருகிறது. இன்னொன்று கேள்விப்பட்டேன். அந்தப் பொம்பளை வீட்டுக்கு இவன் போக வர இருந்தானாம். அவளுக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக்கூட இவன்தான் கூடப் போனானாம். இவனுக்கு அங்கே என்ன வேலை? ஊரில் நல்ல பேர் வாங்குகிற வேலை.

நான் கெட்டவன், அவன் நல்லவன். அப்படி ஆகிவிட்டது.

இத்தனைக்கும் அந்தப் புருஷன்காரன் கேட்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்லணும். அவசரம் என்றால் மனுஷன் எப்படிக் கேட்பான்? கத்துவான். பெஞ்சைத் தூக்கி எறிவான். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். இவன் மழைக்குப் போர்த்தியிருந்த படங்கைத் தலையிலிருந்து எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, "அய்யா, இப்படிக்காத் தூக்கிட்டுப் போயிக்கலாங்களா" என்கிறான். யாரோ தோட்டத்துக்குள் வழி கேட்கிற மாதிரி. அப்படிக் கேட்டால் யாருக்குத் தெரியும் உயிர் போகிற விஷயம் என்று?

என்ன?

என்ன பார்க்கிறீங்க?

எழுத வேண்டியதுதானே. 'காதில் விழவில்லை.' இரண்டு வார்த்தை. பேனாவை ஏன் மூடுறீங்க?

...

மெதுவாகப் பேசுங்க. முன்னால் இருக்கிறவன் திரும்புகிறான்.

காதில் விழவில்லை என்றால் அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எப்படித் தெரியும். அதானே? நல்ல கேள்வி. பேங்க்காரன் கேட்கிற கேள்வி. விசாரணையில் அந்தப் புருஷன்காரன் சொன்னான், அதைத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வைத்துக்கொள்ள மாட்டீங்க.

விசாரணையில் அவன் அதைச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார்கள், பெஞ்சு இருந்துச்சுங்க என்றான். அவ்வளவுதான்.

இது எத்தனையாவது வளைவு? பனி மூடிக்கொண்டது, போர்டு தெரியவில்லை. கவர்க்கல் தாண்டிவிட்டதா? என் ஸ்டாப் பழைய ஃபேக்டரி. வந்தால் சொல்லுங்க.

உங்களுக்கு வாந்தி வருகிறதா? முகம் ஒரு மாதிரி இருக்கிறது. இல்லையா? சரி.

ஒரு தடவைதான் கேட்டான். ஒரே தடவை. நான் நிமிர்ந்தேன். கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே ஆள் தெரியவில்லை, ஒரு கை மட்டும் வெளியே. கழியைப் பிடித்திருந்தது. அவர்கள் காலெல்லாம் சேறு. முட்டி வரைக்கும் சேறு. எட்டுக் காலும். நான் அந்தக் காலைத்தான் பார்த்தேன். "ஈரம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன் தம்பி. போகாதே என்றுகூடச் சொல்லவில்லை.

"சரிங்க" என்றான்.

சரிங்க என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்று பேரையும் திரும்பச் சொன்னான். கழி வாசல் தூணில் இடிக்காமல் மெதுவாகத் திருப்பினார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரெஜினாவிடம் சொன்னதில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரியிடமும் சொன்னதில்லை. வெள்ளைச்சாமிக்கு மட்டும் தெரியும். அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். இந்த இரண்டு வார்த்தையும் அவனுக்குக் கேட்டிருக்கும். விசாரணையில் கேட்டது என்று மட்டும் சொன்னான். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் இதுவரைக்கும்...

விடுங்க.

காட்டிக்கொடுத்தவன் முழுசாகக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியதுதானே? பாதியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் முறுக்கு அனுப்புகிறான்.

காகிதத்தைக் கிழிக்காதீங்க. கிழிக்கச் சொன்னேனா? கொடுங்க. கண்ணாடி இல்லை, நீங்களே படிங்க. எதுவரைக்கும் இருக்கிறது? 'வெள்ளைச்சாமி ஆகிய நான் எழுதிக் கொடுப்பது. அன்று மரியசூசைக்கு.' அதோடு நிற்கிறதா?

நிற்கட்டும். மீதியை எழுத வேண்டாம். அவன் எழுதட்டும். அந்தப் பொம்பளை பேரும் அதில் வரணும். எனக்குத் தெரியாது. இவ்வளவு வருஷத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைச்சாமிக்குத் தெரியும், அவள் பிள்ளைகள் பேரெல்லாம்கூடத் தெரிந்து வைத்திருப்பான்.

பேத்தியிடமா? அவன் என்ன எழுதுகிறானோ அதைக் காட்டுவேன். வேறு என்ன காட்ட. கீரை ஆய்கிற பிள்ளை நிமிர்ந்தால் போதும்.

பழைய ஃபேக்டரி என்கிறானா? இறங்கணும். கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறேன், நீங்க எழ வேண்டாம். கண்டக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. விசில் அடிக்க வேண்டாம். எனக்கு இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.